‘அல்-அய்யாம்’ பள்ளிக்கூடம் சென்ற வரலாறு

குழந்தைக்குக் கதை சொல்லத் தெரியாத தாய் இல்லை. அக்குழந்தை வளர்ந்து பதினொன்று, பன்னிரண்டு வயதை எட்டும்பொழுதுதான் நமக்குச் சொல்லக் கதை கிடைக்காமல் போகிறது. அரசன் கதையும் நரிக் கதையும் அவனுக்குப் புளித்துவிடுகின்றன. பெரியவர்கள் படிக்கும் நூல்களோ அவனுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் கொடுக்க நாம் தயங்குகிறோம். ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட அந்த மூன்றாண்டுகளில்தான் பிள்ளை முதன்முதலாகத் தன்னைத் தானே உற்றுப் பார்க்கத் தொடங்குகிறான். வெட்கம் இன்னது, தனிமை இன்னது, மரணம் இன்னது என்று அவன் உள்ளம் உணரத் தொடங்கும் காலம் அது. மார்க்கச் சட்டமும் அப்பருவத்தைத்தான் வாசற்படியாகக் கொள்கிறது. பாலிகாகிவிட்டவன் தன் தொழுகைக்கும் நோன்புக்கும் தானே பொறுப்பாளி ஆகிறான் அல்லவா?

அவ்வாசற்படியில் நிற்கும் பிள்ளையின் கையில் எந்த நூலைக் கொடுப்பது? கொடுத்தால் அதை எவ்வாறு கற்பிப்பது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் அரபு மொழியில் தோன்றிய ஒரு சிறு நூலின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம். அதன் பெயர் ‘அல்-அய்யாம்’. ‘நாட்கள்’ என்பது அதன் பொருள். எழுதியவர் எகிப்து நாட்டுப் பேரறிஞர் டாக்டர் தாஹா ஹுஸைன்.

நூல் பிறந்த காலம்

தாஹா ஹுஸைன் 1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில், மகாகா நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையின் பதின்மூன்று மக்களுள் ஏழாமவர். மூன்று வயதளவில் கண்ணோய் கண்டது. சில நாள் கவனிப்பாரின்றி விட்டனர். பின்னர் ஊர் நாவிதரை அழைத்து மருத்துவம் பார்த்தனர். அம்மருத்துவத்தோடு இரு கண்களும் போயின. அந்தப் பிள்ளைதான் ஓதுபள்ளியில் திருக்குர்ஆனை மனனம் செய்து, 1902இல் அல்-அஸ்ஹருக்குச் சென்று, 1914இல் எகிப்தியப் பல்கலைக் கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தைப் பெற்று, பின்னர் பிரான்சில் இப்னு கல்தூனைப் பற்றி ஆய்வெழுதி மற்றொரு டாக்டர் பட்டத்தையும் பெற்றுத் திரும்பினார்.

1926இல் அவர் இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதையைப் பற்றி எழுதிய ஆய்வுநூல் பெரும் புயலைக் கிளப்பிற்று. அந்நூலின் கருத்துகளை உலமாக்கள் பலர் மறுத்தெழுதினர், வழக்கும் தொடுக்கப்பட்டது, நூல் திரும்பப் பெறப்பட்டு மறு ஆண்டு திருத்திய வடிவில் வெளிவந்தது. அவ்விவாதத்துள் நாம் ஈண்டுப் புகவில்லை. அப்புயல் வீசிக்கொண்டிருந்த நாட்களில், 1926 டிசம்பரில், கெய்ரோவின் ‘அல்-ஹிலால்’ மாத இதழில் அவர் தம் பிள்ளைப் பருவத்தை எழுதத் தொடங்கினார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. 1929இல் அது நூலாயிற்று. 1932இல் பாக்ஸ்டன் என்பவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அல்-அஸ்ஹர் வாழ்வையும் பிரான்ஸ் வாழ்வையும் கூறும் பிற்பாகங்கள் பின்னர் வந்தன. நாம் பேசப்போவது முதற்பாகத்தைப் பற்றி மட்டுமே.

அரபு மொழிக்குத் தன்வரலாறு புதிதன்று. இமாம் கஸ்ஸாலி தம் ஐயங்களையும் தேடலையும் எழுதி வைத்தார். உஸாமா இப்னு முன்கித் தம் போர்களையும் வேட்டைகளையும் எழுதினார். இப்னு ஸீனா பத்து வயதுக்குள் திருக்குர்ஆனையும் இலக்கியம் பலவற்றையும் கற்றுத் தேர்ந்ததைக் கூறுகிறார். இவையெல்லாம் வென்றவர்களின் வரலாறுகள். படிக்கும் பிள்ளைக்கு வியப்பு வரும். ‘இது நானல்லவா’ என்னும் எண்ணம் வராது. 1927இல் காமில் கீலானி அரபுச் சிறுவர்களுக்கென்று சிந்துபாதின் கதையை எழுதி வெளியிட்டார். அரபுச் சிறுவர் இலக்கியம் அவரிலிருந்தே தொடங்குவதாகச் சொல்வர். சிந்துபாது கடல் கடந்த அதே ஆண்டில், ‘அல்-ஹிலால்’ பக்கங்களில் ஒரு குருட்டுச் சிறுவன் தன் வீட்டு வேலியைக் கடக்க முயன்றுகொண்டிருந்தான்.

வேலியும் கவளமும்

ஆம், நூல் அந்த வேலியில்தான் தொடங்குகிறது. சிறுவனின் முதல் நினைவே தட்டைகளால் ஆன ஒரு வேலி. அது அவனைவிட உயரம். இடுக்கில் நுழையவும் முடியாத நெருக்கம். முயல்கள் அதைத் தாண்டிச் செல்வதை எண்ணி அவன் பொறாமை கொள்கிறான். மாலையில் வேலிக்கு அப்பால் ஒரு பாடகன் அபூ ஸைதின் வீரக் கதைகளைப் பாடுவான். கேட்டு மயங்கி நிற்கும் சிறுவனைத் தமக்கை வந்து தூக்கிச் சென்றுவிடுவாள். தாய் அவன் கண்களில் மருந்து விடுவாள். அது எரியும், பயன் தராது.

உடன்பிறந்தார் தனக்குப் புலப்படாதவற்றைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அவர்களுக்கு ஏதோ ஒன்று உண்டு, தனக்கு அது இல்லை என்று அவனே கண்டுகொள்கிறான். யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் தம் குறையை அறிந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒருநாள் உணவு வேளை. நம் ஊர் விருந்துகளில் ஸஹனைச் சுற்றி அமர்வதுபோல் குடும்பத்தார் அமர்ந்திருக்கின்றனர். எல்லாரையும்போல் ஒரு கையால் எடுக்காமல் இரு கைகளாலும் எடுத்தால் என்ன என்று அவனுக்கு ஓர் எண்ணம் வருகிறது. அவ்வாறே கவளத்தை எடுக்கிறான். உடன்பிறந்தார் சிரித்துவிடுகின்றனர். தாய் அழுதுவிடுகிறாள். கவளத்தை அப்படி எடுக்கலாகாது என்று தந்தை துயரத்தோடு கூறுகிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அந்த இரவு அவனுக்கு எப்படிக் கழிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அன்று முதல் குழம்பு, சோறு முதலாகக் கரண்டியால் உண்ணும் உணவுகளையெல்லாம் பல ஆண்டுகள் அவன் ஒதுக்கிவிட்டான். பிற்காலத்தில் குருட்டுக் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரியின் வாழ்வைப் படித்தபோது, உண்ணும்பொழுது மார்பில் பாகு சிந்தியதற்காக அவரும் பிறர் காணாமல் தனித்துண்ணத் தொடங்கினார் என்று அறிந்து, அந்தப் பழங்கவிஞரின் மனம் தமக்கு விளங்கியதாக ஆசிரியர் எழுதுகிறார். 1914இல் அவர் பெற்ற டாக்டர் பட்டம் அந்த மஅர்ரியைப் பற்றிய ஆய்வுக்கே என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பிள்ளையின் வெட்கம் எத்தனை தூரம் உடன் வருகிறது என்பது புலனாகும்.

ஓதுபள்ளியில் நடந்தது

அடுத்து ஓதுபள்ளி. அங்கே ‘ஸையிதுனா’ என்றழைக்கப்படும் ஆசிரியர்; அவருக்கு உதவியாக நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையைப் போன்ற ஒருவன். ஒன்பது வயது நிறைவதற்குள் சிறுவன் திருக்குர்ஆனை முடித்துவிடுகிறான். வீட்டார் அவனை ‘ஷைகு’ என்று அழைக்கின்றனர். பின்னர் ஓதாமல் விட்டதனால் மறந்துபோகிறது. ஒருநாள் விருந்தினர் முன்னிலையில் தந்தை அவனை ‘அஷ்ஷுஅரா’ சூராவை ஓதச் சொல்கிறார். ‘தா ஸீன் மீம்’ என்று தொடங்குகிறான்; அதற்கு மேல் வரவில்லை. அடுத்த சூராவைக் கேட்கிறார்; அதுவும் அவ்வாறே நின்றுவிடுகிறது. அதற்கடுத்ததும் அப்படியே. எழுந்து போகும்படி தந்தை அமைதியாகச் சொல்கிறார். அடித்திருந்தால்கூட அவனுக்கு அத்தனை வலித்திராது.

இனி நாள்தோறும் இத்தனை பகுதி ஓதுவதாக ஸையிதுனா தம் தாடியின்மீது அவன் கையை வைக்கச் செய்து உறுதி வாங்குகிறார். ஓதியதைக் கேட்கும் பொறுப்பு சட்டாம்பிள்ளையிடம் வருகிறது. பேரீச்சம் பழமும் ரொட்டியும் கொடுத்தால் சட்டாம்பிள்ளை கேட்காமலே கேட்டதாகச் சொல்லிவிடுவான். சிறுவனிடம் மற்றப் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்கும் பொறுப்பு வந்தபோது அவனும் அவ்வாறே கையூட்டு வாங்கக் கற்றுக்கொள்கிறான். தந்தை, ஆசிரியர், சட்டாம்பிள்ளை, மாணவன் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் ஏமாற்றியும் ஏமாந்தும் நிற்பதை ஆசிரியர் நகைச்சுவையோடு எழுதிக் காட்டுகிறார். தம்மை மட்டும் அவர் நல்லவராக வைத்துக்கொள்ளவில்லை.

இதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. உஸ்தாதிடம் உள்ள மரியாதை குறைந்துவிடாதா என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் குறைகள் தெரியாமலா இருக்கின்றன? அவன் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான். பார்த்ததை யாரிடம் சொல்வது என்பதே அவனுக்குத் தெரியாதது. பெரியவர்கள் பிழை செய்வர், பிழை செய்தவர்களும் நம்மீது அன்புள்ளவர்களாய் இருப்பர் என்னும் இரண்டையும் ஒருசேரக் காட்டும் நூல் அவனுக்கு மரியாதையின் மெய்யான பொருளைக் கற்றுத்தரும். கண்ணில் எரியும் மருந்தை விட்டவள் அவன் தாய்தான். கவளத்தைக் கண்டு அழுதவளும் அவளேதான்.

1902ஆம் ஆண்டின் வாந்திபேதி

முதற்பாகத்தின் மிகத் துயரமான பகுதி இனி வருகிறது. முதலில் நான்கு வயதுத் தங்கை ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நோயுற்று இறக்கிறாள். பிள்ளைகளின் நோயைப் பொருட்படுத்தாத அந்நாளைய ஊர்ப்பழக்கத்தை அவ்விடத்தில் ஆசிரியர் கடிந்து பேசுகிறார். தம் கண்கள் போனதையும் அங்கேதான் சொல்கிறார். பின்னர் 1902இல் எகிப்தில் காலரா பரவிற்று. மருத்துவம் பயிலவிருந்த பதினெட்டு வயது அண்ணன், நோயாளிகளுக்கு உதவச் சென்றவன், ஆகஸ்ட் 21ஆம் நாள் அந்நோய்க்கே பலியானான். அப்பொழுது தாஹாவுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து பதின்மூன்று நெருங்கிக்கொண்டிருந்தது. நம் எட்டாம் வகுப்பு மாணவனின் வயது என்க.

அவன் என்ன செய்தான் தெரியுமா? அண்ணன் தொழுகையில் குறைவுடையவனாக இருந்தான் என்று அவனுக்குத் தெரியும். பதினைந்து வயதில் கடமை தொடங்குகிறது என்று ஆலிம்களிடம் கேட்டிருக்கிறான். பதினெட்டில் இறந்தவனுக்கு மூன்றாண்டுக் கடன் நிற்கிறது என்று கணக்கிடுகிறான். அன்று முதல் ஐவேளைத் தொழுகையையும் இருமுறை தொழுகிறான். தனக்கு ஒருமுறை, அண்ணனுக்கு ஒருமுறை. தனக்கென ஒரு மாதம், அண்ணனுக்கென ஒரு மாதம் என்று நோன்பும் நோற்கிறான். இதனை அவன் வீட்டாரிடம் சொல்லவில்லை.

ஒருவருக்காக மற்றொருவர் தொழுவது பற்றிய சட்டத்தை ஃபிக்ஹு நூல்களில் காண்க. நாம் இங்குக் காண வேண்டியது அச்சிறுவனின் உள்ளத்தை. வேலியைத் தாண்ட முடியாமல் நின்றவன், கவளத்துக்காக வெட்கியவன், ஓதியதாகப் பொய் சொன்னவன், இன்று இன்னொருவரின் சுமையைத் தானாக எடுத்துத் தோளில் வைத்துக்கொள்கிறான். யாரும் ஏவாமலே அவன் பெரியவனாகிவிட்ட இடம் இதுவே. சில வாரங்களில் அவன் கல்விக்காகக் கெய்ரோவுக்குப் புறப்படுகிறான்.

மகளிடம் சொன்ன காரணம்

இந்நூலை எந்த வயதில் கொடுப்பது? ஆசிரியரே அதற்கு விடை கூறியிருக்கிறார். முதற்பாகத்தின் இறுதி அத்தியாயம் முழுவதும் அவர் தம் ஒன்பது வயது மகளை நோக்கிப் பேசுவதாக அமைந்தது. ஒருநாள் மன்னன் ஈடிபஸின் கதையை அவளுக்குச் சொல்கிறார். கண்களை இழந்த மன்னனை மகள் கைபிடித்து அழைத்துச் செல்லும் இடம் வந்ததும் சிறுமி அழுதுவிடுகிறாள். அம்மன்னனில் அவள் தன் தந்தையைக் கண்டுகொண்டாள் என்பது அவருக்கு விளங்கிவிடுகிறது. தம் பதின்மூன்றாம் வயதின் அழுக்கு உடையையும், நாள்தோறும் ரொட்டியும் பாகுமே உணவாக இருந்த வறுமையையும், நலமாக இருப்பதாகப் பெற்றோரிடம் சொன்ன பொய்களையும் இப்பொழுதே விரிவாகச் சொன்னால் அவள் சிரிப்பாள் அல்லது உடைந்து அழுவாள். இரண்டும் அவருக்கு விருப்பமில்லை. இன்னும் சற்று வளர்ந்தபின் சொல்லலாம் என்று ஒத்திவைக்கிறார்.

ஒன்பதில் வேண்டாம், என்றுமே வேண்டாம் என்பதன்று. சிரித்துக் கடக்கவும் அழுது உடையவும் செய்யாமல், கேட்டதை உள்ளே வைத்து எண்ணிப் பார்க்கும் வயது வரட்டும் என்பதே அத்தந்தையின் கருத்து. அவ்வயது பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் மெல்ல வந்து சேர்கிறது.

பாடநூலான பிறகு

கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளின் நிலையைத் தாஹா ஹுஸைன் மறக்கவில்லை. 1944இல் எகிப்தில் தொடக்கப் பள்ளிக் கட்டணம் நீங்கியபோது அவர் கல்வி அமைச்சகத்தின் ஆலோசகர். 1950 ஜனவரியில் கல்வி அமைச்சரானதும் மேனிலைப் பள்ளிக் கல்வியும் கட்டணமில்லாததாயிற்று. கல்வி நீரையும் காற்றையும் போன்றது என்னும் அவர் கருத்து அரபு நாடெங்கும் பரவிய முதுமொழி ஆகிவிட்டது. 1973 அக்டோபரில் அவர் மறைந்தார்.

அவர் திறந்துவிட்ட பள்ளிகளுக்குள் அவர் நூலும் சென்றது. எகிப்தின் மேனிலைப் பள்ளி இறுதி வகுப்பில் ‘அல்-அய்யாம்’ நெடுங்காலம் பாடமாக இருந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட இடைநிலை வகுப்புகளிலோ வட ஆப்பிரிக்காவை வென்ற உக்பா இப்னு நாஃபிஉவைப் போன்ற வீரர்களின் கதைகளே கதைப்பாடமாக வைக்கப்பட்டன. வீரர் கதை வேண்டியதே. எனினும் சிறுவனின் கதை, சிறுவர் வகுப்பைத் தாண்டிப் பல்கலைக் கழக வாசலில் நிற்கும் பதினேழு வயதினரிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் அது தேர்வுக்குரிய நூல். இச்சம்பவத்தில் தந்தை கூறியது யாது, ஸையிதுனாவின் குணங்கள் யாவை என்ற வினாக்களுக்கு விடைகளை மனனம் செய்து மாணவர்கள் மதிப்பெண் பெற்றனர். பொருள் உணராத மனனத்தால் ஒரு சிறுவன் பட்ட பாட்டைச் சொல்ல எழுந்த நூலே மனனத்துக்கு உரியதாகிவிட்டது! சட்டாம்பிள்ளையின் இடத்தில் விடைக் குறிப்பு நூல் வந்து அமர்ந்துகொண்டது.

எவ்வாறு கற்பிப்பது?

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வரிசை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேலியும் கவளமும் போதும். ஏழாம் வகுப்பில் ஓதுபள்ளிப் பகுதியைப் படிக்கலாம்; அவ்வயதில் அவன் சிரிக்கவும் செய்வான், சிரிப்பினூடே தன்னையும் கண்டுகொள்வான். அண்ணனின் மரணத்தையும் மகளுக்குக் கூறிய இறுதி அத்தியாயத்தையும் எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அண்மையில் வீட்டில் மரணம் நேர்ந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியர் அதனை முன்னரே அறிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ‘அவன்’ என்னும் சொல். தாஹா ஹுஸைன் நூலில் தம்மை ‘நான்’ என்று கூறுவதில்லை. ‘அச்சிறுவன்’ என்றும் ‘நம் நண்பன்’ என்றுமே கூறுகிறார். ஆசிரியர் கையில் இது அருமையான கருவி. ‘உனக்கு என்றைக்கு வெட்கமாக இருந்தது?’ என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், வாய் திறக்கமாட்டான். ‘அந்தச் சிறுவன் அன்றிரவு ஏன் தூங்கவில்லை?’ என்று கேளுங்கள். மடை திறந்ததுபோல் பேசுவான். பேசுவது தன்னைப் பற்றித்தான் என்பது அவனுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளாதிருப்பதே நாகரிகம். பின்னர் தன் வாழ்வின் ஒரு நாளை ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ எழுதச் சொல்லலாம். அந்த ஏட்டை வகுப்பில் உரக்கப் படிக்க வைக்கலாகாது. அதற்கு மதிப்பெண்ணும் இடலாகாது.

மூன்றாவது, உடனிருத்தல். தாஹா ஹுஸைன் பெரும்பாலும் நூல்களைத் தனியே படித்தவர் அல்லர். கண்ணிழந்த அவருக்கு வாழ்நாள் முழுவதும் மற்றொருவர் உடனிருந்து படித்துக் காட்டினர். அவ்வழியே இந்நூலுக்கும் ஏற்றது. தந்தையோ தாயோ மாலையில் பத்துப் பக்கம் உடனமர்ந்து படிக்கட்டும். தந்தை துயரத்தோடு கவளத்தைப் பற்றிக் கூறிய இடம் வரும்பொழுது, நாமும் அவ்வாறு ஒருநாள் பேசியதைப் பிள்ளை நினைத்துக்கொள்ளக்கூடும். அதற்கு அஞ்சிப் பக்கத்தைத் தள்ளிவிடக் கூடாது. அந்தப் பக்கம் பிள்ளைக்காக எழுதப்பட்டது போலவே நமக்காகவும் எழுதப்பட்டது.

அரபுக் கல்லூரிகளில் பயின்ற ஆலிம்கள் மூலத்திலிருந்தும், பள்ளி ஆசிரியர்கள் பாக்ஸ்டனின் ஆங்கிலத்திலிருந்தும் இப்பகுதிகளை எளிய தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டு வரலாம். நான்கைந்து அத்தியாயங்களே ஓராண்டுக்குப் போதும். அண்ணனுக்காக இரண்டாம் முறை தொழுத அச்சிறுவனின் வயதில் இன்று நம் வீட்டில் ஒரு மகனோ மகளோ இருப்பின், அவர்களிடம் இக்கதையைத் தொடங்க இந்த ஆண்டே ஏற்ற ஆண்டு.